பந்து விழுந்தது நடுமைதானத்தில், புள்ளி போனது எதிரணிக்கு: ஒரு சேஃப்டி தீர்ப்பின் கதை

2012 பிப்ரவரி 5, இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். 46ஆவது சூப்பர் பவுல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம். நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை. முதல் காபி ஆறுவதற்குள் அந்த ஆட்டத்தின் முதல் புள்ளி விழுந்துவிட்டது. விழுந்த விதம்தான் விசித்திரம்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் முதலில் பந்தை வைத்து ஆடினார்கள். ஓரளவு முன்னேறி, அதற்கு மேல் நகர முடியாமல் பண்ட் அடித்தார்கள், அதாவது பந்தைத் தொலைவில் உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஸ்டீவ் வெதர்ஃபோர்ட் உதைத்த பந்து, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் 6 யார்டு கோட்டில் போய் அடங்கியது. முதுகுக்குப் பின்னால் சொந்த கோல் கோடு வெறும் 6 யார்டு தள்ளி. அங்கிருந்து பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி, வீசித் தாக்குதலை நடத்துபவர்) டாம் பிரேடி தன் அணியின் முதல் முயற்சியைத் தொடங்கினார். பந்தை ஓட்டக்காரர் கையில் வைப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பின்வாங்கி, சொந்த எண்ட் ஸோனுக்குள் (கோல் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவே உள்ள பகுதி) நின்று, யார் காலியாக இருக்கிறார் என்று தேடினார். ஜயன்ட்ஸின் ஜஸ்டின் டக் தடுப்பைக் கிழித்துக்கொண்டு நேரே அவர் மேல் வந்தார். மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் பிரேடி பந்தை ஓங்கி வீசினார்.

பந்து உயர எழும்பி, மைதானத்தின் நடுப்பகுதி வரை பறந்து, ஆளில்லாத இடத்தில் விழுந்தது. அதைப் பிடிக்க வேண்டிய பேட்ரியட்ஸ் ஆள் ஒருவர்கூட அக்கம்பக்கத்தில் இல்லை.

நடுவரின் மஞ்சள் கொடி தரையில் கிடந்தது. தலைமை நடுவர் ஜான் பாரி அறிவித்தார்: வேண்டுமென்றே பந்தைத் தரையில் வீசிய குற்றம், எண்ட் ஸோனுக்குள் நடந்தது, ஆகவே சேஃப்டி. ஜயன்ட்ஸுக்கு 2 புள்ளி. முதல் கால்பகுதியில் இன்னும் 8 நிமிடம் 52 விநாடி மிச்சம்.

இந்த ஆட்டத்தை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் அன்று குழம்பியது நியாயம். சேஃப்டி என்றால், பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனுக்குள் வீழ்த்துவது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே பிரேடியைப் பந்தோடு யாரும் வீழ்த்தவில்லை. பந்து கோல் கோட்டை விட்டு ஏறக்குறைய அரை மைதானம் தள்ளிப் போய் விழுந்திருக்கிறது. அப்புறம் எப்படி 2 புள்ளி?

பந்து கடைசியில் எங்கே கிடந்தது என்பது பாதிக் கேள்விதான். அது அங்கே போகக் காரணம் யார், தவறு நடந்தபோது தவறு செய்தவர் எங்கே நின்றார் என்பது மீதிப் பாதி. சேஃப்டி தீர்ப்புகளில் ரசிகர்கள் சண்டை போடுவதெல்லாம் அநேகமாக இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்காததால்தான்.

கோடு யாருக்குச் சொந்தம்

எளிய பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். கிரிக்கெட்டில் ரன் அவுட் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். மட்டை கோட்டின் மேல் இருந்தால் அவுட், கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்க வேண்டும். கோடு பேட்ஸ்மேனுக்குச் சொந்தமில்லை. அமெரிக்கன் ஃபுட்பாலில் கோல் கோடு எண்ட் ஸோனுக்குச் சொந்தம். அதனால் டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனை எட்டி 6 புள்ளி பெறுவது) எடுக்கப் போகிறவருக்குப் பந்தின் மூக்கு கோட்டைத் தொட்டாலே போதும். சொந்த எண்ட் ஸோனிலிருந்து தப்பித்து வெளியே வர நினைப்பவருக்கோ முழுப் பந்தும் கோட்டைக் கடந்து வந்திருக்க வேண்டும்.

என்.எஃப்.எல். மைதானத்தில் கோல் கோட்டின் அகலம் 8 அங்குலம். பந்தின் நீளம் ஏறக்குறைய 11 அங்குலம். ஓட்டக்காரர் ஒருவர் எண்ட் ஸோனிலிருந்து வெளியே பாய்கிறார் என்று வையுங்கள். தலை, தோள், இடுப்பு எல்லாம் வெளியே. பந்தை மட்டும் வலது அக்குளில் இடுக்கி, உடலுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். முழங்கால் புல்லில் படும் அந்தக் கணத்தில் பந்தின் வால் கோட்டின் மேல் ஒரு விரல்கடை தொங்கினால் அது சேஃப்டி. உடம்பு முழுவதும் வெளியே இருப்பது கணக்கில் வராது.

இதைப் பார்ப்பது தலைமை நடுவரின் வேலை இல்லை. அவர் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பவர், அந்தக் கோணத்தில் கோடு தெரியாது. கோட்டுக்கு நேராக இரண்டு ஓரங்களிலும் நிற்கும் பக்கவாட்டு நடுவர்கள்தான் கண். பந்து சொந்த கோல் கோட்டை ஒட்டிக் கிடக்கும்போது ஸ்னாப் ஆன உடனே (நடு ஆட்டக்காரர் பந்தைப் பின்னால் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்கியதும்) இவர்கள் கோல் கோட்டுக்கு நகர்ந்து, அதன் நீளவாக்கில் பார்ப்பார்கள். முழங்காலையும் பந்தையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாலைந்து பேர், ஒவ்வொருவரும் நூறு கிலோவுக்கு மேல். வீட்டில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு நடுவரைத் திட்டுவது சுலபம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஓட்டக்காரர் கோட்டுக்கு வெளியே 1 யார்டு வந்துவிட்டார், தடுப்பவர்கள் அவரை அப்படியே தூக்கிப் பின்னால் தள்ளி எண்ட் ஸோனுக்குள் சாய்க்கிறார்கள். இது சேஃப்டி ஆகாது. அவர் எட்டிய அதிகபட்ச முன்னேற்றம்தான் கணக்கு, பந்து அந்த 1 யார்டில் வைக்கப்படும். ஆனால் யாரும் பிடிக்காமல், வேறு வழி தேடி அவரே கால்நடையாகப் பின்னால் ஓடி உள்ளே நுழைந்து அங்கே மாட்டினால் அந்தச் சலுகை போச்சு. ஒரே இடம், ஒரே ஆள், ஒரே விதமாக வீழ்ந்திருக்கிறார், தீர்ப்பு மட்டும் வேறு. தள்ளியது யார் என்ற கேள்வி இங்கேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது.

பிரேடி செய்தது என்ன குற்றம்

குவார்ட்டர்பேக் பந்தைச் சும்மா எறிந்துவிட்டுத் தப்பிக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. தன்னை வீழ்த்த ஆள் வந்துவிட்டான், யார்டு இழப்பு நிச்சயம் என்ற நெருக்கடியில், பிடிபட நியாயமான வாய்ப்பே இல்லாத இடத்துக்குப் பந்தை வீசினால் குற்றம். பந்தைப் பிடிக்கத் தகுதியுள்ள சொந்த ஆட்டக்காரர் ஒருவர் அந்தத் திசையில், அந்த வட்டாரத்தில் இருந்தாக வேண்டும். வழக்கமான தண்டனை 10 யார்டு பின்னடைவும் ஒரு வாய்ப்பு இழப்பும். வீசியவர் சொந்த எண்ட் ஸோனில் நின்று வீசியிருந்தால் மட்டும் நேரே சேஃப்டி.

தர்க்கம் நேர்மையானது. வீசாமல் இருந்திருந்தால் டக் அவரை அங்கேயே வீழ்த்தியிருப்பார், 2 புள்ளி போயிருக்கும். அந்த 2 புள்ளியை ஒரு பொய் வீச்சால் காப்பாற்ற விடக் கூடாது என்கிறது விதி.

பேட்ரியட்ஸ் ரசிகர்கள் சொல்லும் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. 50 யார்டு பறந்த பந்தை வேண்டுமென்றே தரையில் எறிந்தது என்று யாராவது சொல்வார்களா? ஆழமாக ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் பாதியில் நின்றிருக்கலாம், இரண்டு பேருக்கும் புரிதல் தவறியிருக்கலாம். தொலைதூர வீச்சுக்கு இந்தக் கொடி விழுவது அபூர்வம் என்பதும் உண்மை. பெரும்பாலும் காலடியில் குத்தப்படும் பந்துக்கோ ஓரத்தில் கூட்டத்துக்குள் எறியப்படும் பந்துக்கோதான் விழும்.

ஆனால் விதியில் தூரம் எங்கேயும் இல்லை. பத்து யார்டு தள்ளி ஆளில்லாத இடமும் ஐம்பது யார்டு தள்ளி ஆளில்லாத இடமும் ஆளில்லாத இடம்தான். இரண்டு விலக்குகள் இருக்கின்றன, இரண்டும் பிரேடிக்கு உதவவில்லை. தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டாக்கிளைத் தாண்டி வெளியே ஓடிவந்து, பந்து ஆட்டம் தொடங்கிய கோட்டையாவது எட்டும்படி வீசினால் குற்றமில்லை. பிரேடி நகரவே இல்லை, நடுவிலேயே நின்றார். எதிராளி மோதியதால் கை தடுமாறிப் பந்து திசைமாறினாலும் குற்றமில்லை. பந்து கையை விட்ட பிறகுதான் டக் மோதினார். என் கணிப்பில் பாரியின் தீர்ப்பு சரி. ஆட்டத்தின் ஆரம்பத்தில், அதுவும் சூப்பர் பவுலில், அந்தக் கொடியை எறிய நெஞ்சழுத்தம் வேண்டும். அதையும் சேர்த்தே சரி என்கிறேன்.

இந்தத் தீர்ப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வீசியவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமை நடுவருக்குப் பந்து எங்கே விழுந்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்று தெரியாது. அவர் கண் குவார்ட்டர்பேக்கை விட்டு அகலக் கூடாது, மோதல் முறைகேடா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. பந்து விழுந்த இடத்தின் நடுவர்கள் சொன்னால்தான் குற்றம் முழுமையாகும். அதனால்தான் இந்தக் கொடி பல சமயம் தாமதமாக விழும், நடுவர்கள் கூடிப் பேசுவார்கள். யாரோ காதில் ஊதி முடிவை மாற்றுகிறார்கள் என்று ரசிகர்கள் சந்தேகப்படும் அந்த இடைவெளியில், உண்மையில் பாதிப் பாதியாகப் பார்த்த இருவர் முழுக் காட்சியை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் தலைமை நடுவர் இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்கு மேலே சேர்த்துக் காட்டுவார். பார்ப்பதற்கு நம் கோபுர தரிசனக் கும்பிடு மாதிரியே இருக்கும். அதுதான் சேஃப்டிக்கு அடையாளம்.

2 புள்ளி கொடுத்த அணி, பந்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சொந்த 20 யார்டு கோட்டிலிருந்து எதிராளிக்கு உதைத்துக் கொடுப்பார்கள். இந்த இரண்டாவது இழப்புதான் வலிக்கும். ஜயன்ட்ஸ் அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு போய் விக்டர் க்ரூஸ் மூலம் டச்டவுன் எடுத்தார்கள். கூடுதல் உதையின் 1 புள்ளியும் சேர்ந்து 9-0. முதல் கால்பகுதியில் 3 நிமிடம் 24 விநாடி மிச்சமிருந்தபோது பேட்ரியட்ஸ் தாக்குதல் வரிசை பந்தோடு ஆடியிருந்தது மொத்தமே ஒரே ஒரு முயற்சி. அதுவும் இந்த வீச்சு.

ஜயன்ட்ஸின் முதல் புள்ளி சேஃப்டியாகத்தான் வரும் என்று 1,000 டாலர் கட்டிய ஒரு புண்ணியவான் 50,000 டாலர் அள்ளிக்கொண்டு போனார். ஒன்றுக்கு ஐம்பது என்று சூதாட்ட விடுதி விலை வைத்திருந்ததிலிருந்தே இது எவ்வளவு அபூர்வமாகக் கருதப்பட்டது என்று தெரியும்.

தள்ளிவிட்டது யார்

அபூர்வம் என்று சொன்ன வாய் மூடவில்லை, அடுத்த இரண்டு ஆண்டுகளும் சூப்பர் பவுலில் சேஃப்டி விழுந்தது. மூன்றும் மூன்று ரகம்.

2013 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ். பால்டிமோர் ரேவன்ஸ் 34-29 என்று முன்னிலை, 12 விநாடி மிச்சம், பந்து சொந்த எண்ட் ஸோன் வாசலில். பண்ட் அடித்தால் தடுக்கப்படலாம், எதிராளி அதைப் பிடித்துத் திருப்பி ஓடி நல்ல ரிட்டர்ன் எடுக்கலாம். பண்டர் சாம் கோக் பந்தை வாங்கி, உதைக்காமல் எண்ட் ஸோனுக்குள்ளேயே அங்குமிங்கும் நடை போட்டு, 4 விநாடி மிச்சமிருக்கும்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே காலை வைத்தார். 34-31, ரேவன்ஸ் சாம்பியன். இதில் நான் ரசித்த நுணுக்கம் வேறு. கோக் உலாவிக்கொண்டிருந்தபோது அவர் சகாக்கள் எதிராளிகளைக் கட்டிப்பிடித்துப் பிடித்து வைத்திருந்தார்கள். எண்ட் ஸோனுக்குள் அப்படிப் பிடித்தாலும் தண்டனை சேஃப்டிதானே? ஏற்கெனவே கொடுக்கத் தயாராக இருக்கும் 2 புள்ளியை எத்தனை முறை அபராதம் போடுவீர்கள்? அன்றைய விதியின் ஓட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆடியது அது.

2014 பிப்ரவரி 2, ஈஸ்ட் ரதர்ஃபோர்ட். டென்வர் பிராங்கோஸின் முதல் ஸ்னாப். குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் சைகை மாற்றுவதற்காக முன்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறார், சென்டர் பந்தை அனுப்பிவிட்டார். பந்து மேனிங்கின் தலையைத் தாண்டி எண்ட் ஸோனுக்குள் உருண்டது, அவர் அணியின் ஓட்டக்காரர் நோஷன் மொரீனோ அதன் மேல் விழுந்தார். ஆட்டம் தொடங்கி 12 விநாடி. எதிரணியான சியாட்டிலுக்கு 2 புள்ளி. பந்தை உள்ளே அனுப்பியது டென்வரின் சொந்த ஸ்னாப், அதனால் நடுவருக்கு யோசிக்கவே எதுவுமில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விதியின் உயிர் இருக்கிறது. பந்து எண்ட் ஸோனுக்குள் செத்துப்போனால் நடுவர் கேட்கும் முதல் கேள்வி, அதை உள்ளே அனுப்பிய விசை யாருடையது என்பது. விதிநூல் இதை இம்பீட்டஸ் என்கிறது. அந்த எண்ட் ஸோனைத் தற்காப்பவர்களே உள்ளே அனுப்பியிருந்தால் சேஃப்டி. எதிராளி உதைத்தோ வீசியோ தவறவிட்டோ வந்திருந்தால் டச்பேக், அதாவது யாருக்கும் புள்ளி இல்லை, பந்து தற்காப்பவர்களுக்கே.

2015 அக்டோபர் 5, சியாட்டில். டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் டச்டவுனுக்கு ஒரு எட்டு இருக்கும்போது சியாட்டிலின் கேம் சான்ஸலர் பந்தைத் தட்டிவிட்டார். பந்து சியாட்டிலின் எண்ட் ஸோனுக்குள் துள்ளியது. அங்கே நின்ற சியாட்டிலின் கே.ஜே. ரைட் அதைக் கையால் தட்டிப் பின்கோட்டுக்கு வெளியே அனுப்பினார். சொந்த எண்ட் ஸோன், கடைசியாகத் தொட்டதும் சொந்த ஆள், அப்படியானால் சேஃப்டிதானே என்று நிறையப் பேர் கேட்டார்கள். இல்லை. பந்து உள்ளே வந்தது ஜான்சன் கையிலிருந்து. ஆனால் நடுவர்கள் வேறொன்றில் கோட்டை விட்டார்கள்: எண்ட் ஸோனில் ஓடும் பந்தை வேண்டுமென்றே தட்டுவது குற்றம். கொடி விழுந்திருந்தால் லயன்ஸுக்கே கோட்டருகில் பந்து கிடைத்திருக்கும். டச்பேக் என்று சொல்லிவிட்டார்கள், சியாட்டில் 13-10 என்று வென்றது. தவறு என்று லீக் பின்னர் ஒப்புக்கொண்டது.

விசை யாருடையது என்பதில் ஒரு கருணையும் வைத்திருக்கிறார்கள். எதிராளி வீசிய பந்தைத் தற்காப்பவர் கோல் கோட்டுக்கு முன்னால் பாய்ந்து பிடிக்கிறார், ஓடிவந்த வேகத்தில் நிற்க முடியாமல் எண்ட் ஸோனுக்குள் போய்விடுகிறார், அங்கே வீழ்த்தப்படுகிறார். கறாராகப் பார்த்தால் அவர்தான் பந்தை உள்ளே எடுத்துச் சென்றவர். ஆனாலும் சேஃப்டி கொடுக்க மாட்டார்கள், பிடித்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். கல்லூரி ஆட்டத்தில் இந்தச் சலுகை 5 யார்டு கோட்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே பிடித்தால்தான், என்.எஃப்.எல். அப்படி எல்லை போடவில்லை. நல்ல பந்தைப் பிடித்தவனுக்குத் தண்டனை கொடுப்பானேன் என்ற எண்ணம்தான்.

கைகளை விரித்தால் போதுமா

2020 ஜனவரி 4, ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்கும் பஃபலோ பில்ஸுக்கும் பிளேஆஃப், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். பில்ஸ் 13-0 முன்னிலை. இரண்டாம் பாதி தொடக்க உதையை டெக்ஸன்ஸின் டிஆண்ட்ரே கார்ட்டர் எண்ட் ஸோனுக்குள் பிடித்தார். ஓடப் போவதில்லை என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். முழங்காலிடவில்லை. நாலு எட்டு நடந்து பந்தை நடுவர் டோனி கொரன்டேயிடம் தூக்கிப் போட்டார். கொரன்டே வாங்காமல் விலகிக்கொண்டார். பந்து புல்லில் விழுந்தது. பில்ஸின் ஜாக்குவான் ஜான்சன் அதன் மேல் பாய்ந்தார். கொரன்டே கைகளை உயர்த்தினார்: டச்டவுன்.

பிறகு நடுவர்கள் கூடினார்கள், டச்டவுன் ரத்தாகி டச்பேக் ஆனது. கார்ட்டர் ஆட்டத்தைக் கைவிட்டுவிட்டதாகக் காட்டினார் என்பது விளக்கம்.

நான் இதைப் பல முறை யோசித்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து விதியைப் பிடித்தால், தரையில் விழுந்தோ முழங்காலிட்டோதான் ஆட்டத்தைக் கைவிட முடியும். கைவிரிப்பது கணக்கில் இல்லை. அப்படியானால் பந்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. உயிருள்ள பந்தை கார்ட்டர் முன்னால் தூக்கிப் போட்டது முன்வீச்சு, உதை ரிட்டர்னில் முன்வீச்சு சட்டவிரோதம். முன்வீச்சு தரையில் விழுந்தால் பந்து செத்துவிடும், எனவே ஜான்சன் பாய்ந்தது டச்டவுன் ஆகாது. குற்றம் நடந்த இடம் எண்ட் ஸோன். ஆகவே சேஃப்டி, பில்ஸுக்கு 2 புள்ளி. ஒரே செயலுக்கு 6, 2, 0 என்று மூன்று விடைகள். விதிநூலுக்கு மிக நெருக்கமானது நடுவில் இருப்பது. அதை மட்டும் அன்று யாரும் அறிவிக்கவில்லை.

ஆனாலும் டச்பேக் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உதைத்து உள்ளே அனுப்பியது பில்ஸ். கார்ட்டர் ஓட நினைக்கவில்லை, அதை எல்லோரும் பார்த்தார்கள், அவரைத் துரத்தி ஓடிவந்தவர்கள்கூட வேகத்தைக் குறைத்திருந்தார்கள். டெக்ஸன்ஸ் கடைசியில் கூடுதல் நேரத்தில் 22-19 என்று வென்றார்கள். பஃபலோவில் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

குழப்பமே இல்லாத சேஃப்டியும் உண்டு. 2008 அக்டோபர் 12, மினியாபொலிஸ். லயன்ஸின் டான் ஒர்லாவ்ஸ்கி, ஜாரெட் ஆலன் துரத்த, எண்ட் ஸோனின் பின்கோட்டுக்கு வெளியிலேயே நாலைந்து எட்டு ஓடினார். தான் வெளியே ஓடுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆட்டம் 12-10, தோல்வி 2 புள்ளியில். அந்தப் பருவத்தில் லயன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றார்கள்.

இண்டியானாபொலிஸுக்குத் திரும்பினால்

நான்காம் கால்பகுதியின் கடைசி நிமிடங்கள். பேட்ரியட்ஸ் 17, ஜயன்ட்ஸ் 15. அந்த 15இல் 2 புள்ளி பிரேடியின் முதல் வீச்சில் வந்தது. அது இல்லாமல் மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் 13. அப்போது ஜயன்ட்ஸுக்கு டச்டவுன் தேவை, பேட்ரியட்ஸ் உயிரைக் கொடுத்துத் தடுத்திருப்பார்கள். 15 என்பதால் ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) போதும். பந்து பேட்ரியட்ஸின் 6 யார்டில், ஒரு நிமிடச் சொச்சம் மிச்சம். ஜயன்ட்ஸ் நேரத்தை ஓட்டிவிட்டுக் கடைசி நொடியில் கிட்டத்திலிருந்து உதைத்தால் பிரேடி கைக்குப் பந்தே வராது.

பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு ஒரே வழிதான் இருந்தது. எதிராளியை டச்டவுன் போட விட்டுவிடுவது, மிச்சமிருக்கும் விநாடிகளைப் பிரேடிக்கு வாங்கித் தருவது.

ஜயன்ட்ஸின் அகமது பிராட்ஷா பந்தை வாங்கி ஓடினார். எதிரே இருந்த பேட்ரியட்ஸ் ஆட்கள் வழிவிட்டு விலகினார்கள். உள்ளே போகாதே என்று ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் கத்தியது பாதியில்தான் அவருக்குப் புரிந்தது. கோல் கோட்டுக்கு முன்னால் பிரேக் போட்டார், உடம்பு நிற்கவில்லை. அப்படியே திரும்பி, கோட்டின் மேல் முதுகுப்புறமாகச் சரிந்து, எண்ட் ஸோனுக்குள் உட்கார்ந்துவிட்டார். பந்து கோட்டைக் கடந்திருந்தது. அவர் விரும்பினாரா என்று எந்த விதியும் கேட்கவில்லை.

டச்டவுன், 21-17. கடிகாரத்தில் 57 விநாடி. பிரேடிக்கு அது போதவில்லை.